சாம்பல் மேட்டில் மதரஸாவா? சமுதாயம் சிந்திக்கட்டும்!

 

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் மஹல்லாவில் மதரஸாவுக்கென்று ஒரு மனை வாங்கினோம். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் பள்ளமான மனை. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எவரும், அதை மேடாக்காமல் அஸ்திவாரம் போடச் சம்மதிக்க மாட்டார்கள். கடந்த மாதம் இஷா தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கூடிப் பேசியது. லாரி வைத்திருக்கும் ஒரு சகோதரர் எழுந்தார். "சாம்பலும் பவுண்டரி மண்ணும் எத்தனை லோடு வேண்டுமானாலும் கொட்டித் தருகிறேன். டீசல் காசு மட்டும் போதும். அல்லாஹ்வுக்காகச் செய்கிறேன்" என்றார். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். சாம்பலில் கதிரியக்கம் இருக்கிறது, சாம்பல் கல்லில் வீடு கட்டினால் குடும்பத்துக்கே புற்றுநோய் வரும் என்று அதில் ஒரு செய்தி. முத்தவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் புரளி! ஊர் முழுக்க அந்தக் கல்லில்தான் கட்டுகிறார்கள். எல்லோரும் செத்தா போய்விட்டார்கள்?" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஹஜ்ரத், நீங்க சொல்லுங்க!"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இல்மில் ஒரு பகுதிதான் என்று என் உஸ்தாது கற்றுக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். இயற்பியல் படித்த ஒரு பேராசிரியரிடமும், கட்டடப் பொறியாளர் ஒருவரிடமும் உட்கார்ந்து பாடம் கேட்டேன். நான் கற்றதை உங்கள் முன் வைக்கிறேன். ஆவடியிலும், திருமுல்லைவாயிலிலும், பூந்தமல்லியிலும் மனை வாங்கி மேடாக்கிக் கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தேவைப்படும்.

நெருப்பு தின்னாத பொருள்

அல்லாஹ் படைத்த இந்தப் பூமியின் மண்ணிலும் பாறையிலும் யுரேனியம், தோரியம் என்ற உலோகங்கள் மிகச் சிறிய அளவில் கலந்தே இருக்கின்றன. அவை தாமாகச் சிதைந்து கதிர்களை வெளிவிடுகின்றன. யுரேனியம் பாதியாகக் குறைவதற்கே சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகும். தோரியத்துக்கு 1,400 கோடி ஆண்டுகள். நாம் நடக்கும் தரை, குடிக்கும் தண்ணீர், நம் உடம்பு எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவு கதிரியக்கம் உண்டு. உலகத்தில் ஒரு மனிதன் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறான் என்று ஐ.நா.வின் அறிவியல் குழு கணக்கிட்டுள்ளது.

நிலக்கரியிலும் இந்த உலோகங்கள் இருக்கின்றன. கரி எரிந்துவிடும். ஆனால் யுரேனியத்தையும் தோரியத்தையும் நெருப்பு ஒன்றும் செய்யாது. அவை சாம்பலில் தங்கிவிடும். பத்து கிலோ கரி எரிந்து ஒரு கிலோ சாம்பல் மிஞ்சினால், பத்து கிலோவில் இருந்தது அந்த ஒரு கிலோவில் சேர்ந்துவிடுகிறது. நம் நாட்டுக் கரியில் சாம்பலே 30 முதல் 45 சதவீதம். அதனால் இங்கே இரண்டு, மூன்று மடங்குதான் செறிவு கூடுகிறது. ஆனால் சாம்பல் மலை மட்டும் மற்ற நாடுகளைவிடப் பெரிதாக வளர்கிறது!

உர ஆலைக் கழிவும் இதே கதைதான். பாஸ்பேட் பாறையில் கந்தக அமிலத்தை ஊற்றிப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள். ஒரு டன் அமிலம் எடுத்தால் சுமார் ஐந்து டன் ஜிப்சம் கழிவாக விழுகிறது. பாறையில் இருந்த ரேடியத்தின் பெரும் பகுதி அந்த ஜிப்சத்தில் போய்ச் சேர்கிறது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இந்தத் தொழில் உண்டு. சாம்பல் கல் செய்பவர்கள் சாம்பல், கிரஷர் தூள், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் இவற்றோடு சேர்க்கும் ஜிப்சம் பல இடங்களில் இந்த ஜிப்சம்தான்.

ஜகாத் போல ஒரு கணக்கு

"இருக்கிறது" என்பது ஒரு செய்தி. "எவ்வளவு இருக்கிறது" என்பதுதான் கேள்வி. ஜகாத் கடமையா என்று கேட்டால் முதலில் நாம் நிசாபைத்தானே பார்க்கிறோம்?

கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல். சராசரி மண்ணில் கிலோவுக்கு ரேடியம் சுமார் 35, தோரியம் சுமார் 30, பொட்டாசியம் சுமார் 400 பெக்கரல். மூன்றும் ஒரே மாதிரித் தீங்கு செய்வதில்லை. ஆகவே தோரியத்தை 1.43ஆலும் பொட்டாசியத்தை 0.077ஆலும் பெருக்கி ரேடியத்தோடு கூட்டுகிறார்கள். சராசரி மண்ணுக்கு இந்தக் கணக்குப் போட்டால் சுமார் 109 வருகிறது. கட்டடப் பொருளுக்கு உலகம் ஏற்றுக்கொண்டுள்ள எல்லை 370.

ஒரு சாம்பலில் ரேடியம் 100, தோரியம் 100, பொட்டாசியம் 300 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 266. மண்ணைவிட இரண்டரை மடங்கு, ஆனாலும் எல்லைக்குள். கல்லில் சாம்பலோடு வேறு பொருள்களும் கலப்பதால் அளவு இன்னும் மாறும். மேலும், சாம்பல் துகள் உலையின் சூட்டில் உருகிக் கண்ணாடி போல் இறுகிவிடுவதால், உள்ளே பிறக்கும் ரேடான் வாயு எளிதில் வெளியேறுவதில்லை. அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வு நிறுவனம் 1997இல் இதை ஆராய்ந்து, பெரும்பாலான சாம்பலின் கதிரியக்கம் சாதாரணப் பாறைகளிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல என்றே கூறியது.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் கருநாகப்பள்ளி கடற்கரைகளின் மணலில் தோரியம் நிறைந்த மோனசைட் இருக்கிறது. அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வு காணவில்லை.

எனவே அந்தத் தம்பி காட்டிய செய்தி தவறு. சாம்பல் கல் வீட்டில் குடியிருப்பவர்கள் பயந்து தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்று குர்ஆன் நமக்கு எச்சரித்திருக்கிறது. தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்களே வாட்ஸ்அப்பில் அதை மறந்துவிடுகிறோமே!

அப்படியானால் முத்தவல்லி சொன்னது சரியா?

அதுவும் சரியில்லை, சகோதரர்களே!

முதலாவது, தூசி. சுவரில் இறுகிய சாம்பல் வேறு. காற்றில் பறக்கும் சாம்பல் வேறு. உலையின் சூட்டில் ஆவியாகும் பொலோனியம், ஈயம் போன்றவை குளிரும்போது மிக மெல்லிய துகள்களின் மேல் படிகின்றன. நம் நுரையீரலின் அடிவரை போவதும் அந்த மெல்லிய துகள்தான். கதிரியக்கத்தைவிடப் பெரிய தீங்காக அதில் சிலிக்காவும், ஆர்செனிக், குரோமியம் போன்ற நச்சுகளும் இருக்கின்றன. கதிரியக்கம் என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் பயந்து ஓடுகிறவர்கள், தார்ப்பாய் மூடாமல் போகும் சாம்பல் லாரிக்குப் பின்னால் குழந்தையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போகிறார்கள்!

இரண்டாவது, தண்ணீர். பள்ளத்தில் கொட்டிய சாம்பலின் மீது மழை பெய்தால், கரையக்கூடியவை கீழே இறங்கும். பக்கத்திலேயே போர் போட்டு அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறோம். தொழிற்பேட்டையின் கழிவும் சாக்கடையும் சேர்ந்து கொரட்டூர் ஏரியை என்ன பாடு படுத்தின என்பது இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, அடைத்த அறை. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வரும் ரேடான் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டமுள்ள வீட்டில் அது கலைந்துவிடும். ஏ.சி. போட்டு எப்போதும் மூடியே வைக்கும் அறையில் தங்கும். புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் இருக்கட்டும் என்று 2009இல் அறிவுறுத்தியது. இதையும் கேளுங்கள்: ரேடானால் புகைபிடிப்பவருக்கு வரும் ஆபத்து, பிடிக்காதவரைவிடச் சுமார் 25 மடங்கு! சாம்பல் கல்லுக்குப் பயப்படும் நம் சகோதரர்களின் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பாக்கெட்டை யார் எடுத்து எறிவது?

சட்டம் கிராமைப் பார்க்கிறது, மலையைப் பார்க்கவில்லை

இயற்கைக் கதிரியக்கம் உள்ள பொருளில் யுரேனியமும் தோரியமும் கிராமுக்கு 1 பெக்கரலுக்குக் கீழே இருந்தால், அது கட்டுப்பாட்டு வளையத்துக்கு வெளியே என்பது சர்வதேச அணுசக்தி முகமை வகுத்த எல்லை. கட்டுமானத்துக்கான உர ஆலை ஜிப்சத்துக்கு நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் இதே எல்லையை வைத்திருக்கிறது. இதே ஜிப்சத்தைச் சாலை போடவும் கட்டடம் கட்டவும் அமெரிக்கா பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது. 2020இல் சாலைக்கு அனுமதி தந்து, 2021இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

1 பெக்கரல் என்ற எல்லையில் ஓர் நியாயம் உண்டு. ஆனால் ஜகாத்தில் ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டி, "இது நிசாபை எட்டவில்லை" என்று ஒரு செல்வந்தர் சொன்னால் ஏற்போமா? பெட்டியில் இருப்பதையெல்லாம் கூட்டு என்போம் அல்லவா? 1996-97இல் இந்திய மின் நிலையங்களில் விழுந்த சாம்பல் ஆண்டுக்குச் சுமார் 6.9 கோடி டன். 2021-22இல் அது 27 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் வாழும் ஏழை சுவாசிப்பது ஒரு கிராமையா? ஆண்டு முழுவதும், ஆயுள் முழுவதும் அல்லவா!

இந்தச் சாம்பலும், உர ஆலை ஜிப்சமும், உலோகக் கசடும் "அளவில் அதிகம், தீங்கில் குறைவு" என்று சொல்லி, 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டுள்ளன. மறுபக்கம், சாம்பலைத் தீர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம். 1999இல் முதல் அறிவிக்கை வந்தது. மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூளைகள் சாம்பலைக் கலக்க வேண்டும் என்றது. பிறகு அந்த வட்டம் விரிந்துகொண்டே போனது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கையின்படி, பயன்படுத்தாமல் தேக்கி வைக்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு.

சாம்பலைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. வயல் மண்ணை வெட்டிச் சூளையில் சுடுவதைவிட, குவிந்து கிடக்கும் கழிவைக் கல்லாக்குவது நல்லதுதான். ஆனால் கொடுப்பவனுக்குத் தள்ளிவிடும் அவசரம் இருக்கும்போது, வாங்குகிறவனுக்கு அளந்து காட்டும் கடமையும் இருக்க வேண்டாமா? அரிசி மூட்டையில் எடை போட்டிருக்கிறது. மருந்து அட்டையில் தேதி போட்டிருக்கிறது. நாம் ஆயுள் முழுவதும் குடியிருக்கப் போகும் கல்லின் அளவு எங்கே எழுதியிருக்கிறது?

கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு எண்ணூர் சாட்சி. 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையமும், அதன் பிறகு வந்த வட சென்னை அனல் மின் நிலையமும் கொட்டிய சாம்பல் கொசஸ்தலை ஆற்றையும் கழிமுகத்தையும் தூர்த்தது. நண்டும் இறாலும் போயின. அங்கே உள்ள மீனவ மக்கள் படித்தவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். 2022இல் தீர்ப்பாயம் மின் வாரியத்தைப் பொறுப்பாளியாக்கியது. அவர்களிடமிருந்து நம் ஜமாஅத்துகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் நிற்கும் நம் பிள்ளைகள்

வீட்டைப் பற்றிக் கவலைப்படும் நாம், பட்டறையில் பத்து மணி நேரம் நிற்கும் பிள்ளையை மறந்துவிடுகிறோம். அம்பத்தூரிலும் திருமழிசையிலும் ஆர்கான் வெல்டிங் செய்யும் நம் இளைஞர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிடிக்கும் டங்ஸ்டன் ராடின் நுனியில் சிவப்பு நிறம் இருந்தால், அதில் சுமார் 2 சதவீதம் தோரியம். கையில் பிடிப்பதாலோ வெல்டிங் அடிப்பதாலோ பெரிய ஆபத்தில்லை. ராடை கிரைண்டரில் வைத்துக் கூர் தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. நீலம் அல்லது தங்க நிற நுனியுள்ள ராடில் தோரியம் இல்லை, லாந்தனம். வேலையும் அதே தரத்தில் நடக்கும். இதை ஒரு ஜும்ஆவில் சொன்னேன். வெல்டிங் வேலை பார்க்கும் மூன்று பேர் வந்து, "இத்தனை வருஷம் யாரும் சொல்லலையே ஹஜ்ரத்" என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் காலத்தில் ரமலான் இரவுகளிலும் நிக்காஹ் ஊர்வலங்களிலும் நம் தெருக்களுக்கு ஒளி தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலை மேண்டிலும் தோரியத்தில் செய்ததுதான். நம்மோடு நெடுநாளாகவே இருக்கும் பொருள் இது. பயந்து ஓடவும் வேண்டாம். அலட்சியமாக ஊதித் தள்ளவும் வேண்டாம்.

பழைய இரும்பு வியாபாரம் நம் சமுதாயத்தின் தொழில். காயலாங்கடை என்ற பெயரே காயல்பட்டினத்தாரிடமிருந்து வந்தது என்பார்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி காயலாங்கடைச் சந்தையில் நடந்ததை மறக்க வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கதிர்வீச்சுக் கருவி ஒன்றை உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். அது மனிதன் செய்த கதிரியக்கப் பொருள். சாம்பலோடு ஒப்பிடவே முடியாத வேகம் கொண்டது. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: கழிவு எங்கே பிறந்தாலும், கடைசியில் அது வந்து சேர்வது விவரம் சொல்லப்படாத ஏழையின் கையில்! கனத்த ஈயக் கூடும், மூன்று இதழ் கதிரியக்கச் சின்னமும் உள்ள எதையும் உடைக்காதீர்கள். தள்ளி நின்று காவல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

என்ன முடிவு செய்தோம்?

ஒரு வாரம் கழித்து ஜமாஅத் மீண்டும் கூடியது. நான் கற்றதைச் சொன்னேன். கல்லில் தடையில்லை, ஆனால் சாம்பலும் ஜிப்சமும் எங்கிருந்து வந்தன என்பதையும், சோதனை அறிக்கையையும் எழுத்தில் தரும் சூளையிடம் மட்டுமே வாங்குவது. பிள்ளைகள் படுக்கும் அறைகளில் எதிரெதிராக ஜன்னல் வைப்பது. மனையை நிரப்பச் சாம்பலும் வேண்டாம், பவுண்டரி மண்ணும் வேண்டாம். காசு கொடுத்துச் சவுடு மண் வாங்குவது. இவ்வாறு தீர்மானித்தோம். முத்தவல்லி கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அப்போது லாரிக்கார சகோதரர் ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் வேண்டாம் என்றால், இந்த லோடை நான் எங்கே கொட்டுவது, ஹஜ்ரத்?"

சகோதரர்களே! அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. நாம் மறுத்த லோடு மறைந்தா போகும்? அடுத்த தெருவில் மூன்று சென்ட் மனை வாங்கிய ஓர் ஏழையின் பள்ளத்துக்குப் போகும். அவர் முஸ்லிமாக இருக்கலாம், இந்துவாக இருக்கலாம், கிறிஸ்தவராக இருக்கலாம். இல்லையென்றால் இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போகும். நம் மதரஸாவைக் காப்பாற்றி, அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்தால் அது என்ன மார்க்கம்? தானும் தீங்குக்கு ஆளாகாமல், பிறருக்கும் தீங்கு செய்யாமல் வாழச் சொன்ன மார்க்கம் அல்லவா இது? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் கிளையாகக் கற்பித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அகற்றுவது என்றால் அடுத்தவர் வாசலில் போடுவதா?

எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அரசுக்கும் நம் கோரிக்கைகள் இவை:

சாம்பல், ஜிப்சம், உலோகக் கசடு விற்கும் ஒவ்வொரு ஆலையும் அதன் கதிரியக்க அளவையும் நச்சு உலோக அளவையும் ஆண்டுதோறும் சோதித்துத் தமிழில் வெளியிட வேண்டும்.

கல் விற்கும் ரசீதில் அந்த அளவு அச்சிடப்பட வேண்டும்.

குடியிருப்பு மனைகளிலும் நீர்நிலைகளிலும் தொழிற்கழிவைக் கொட்டும் லாரியை மட்டும் பிடித்து அபராதம் போடாமல், அதை அனுப்பிய ஆலையையும் பிடிக்க வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் இதுவரை கழிவு கொட்டி மேடாக்கிய இடங்களில் நிலத்தடி நீரைச் சோதித்து முடிவை மக்களிடம் சொல்ல வேண்டும்.

இந்த மனுவில் கையெழுத்து வாங்க நம் இளைஞர்கள் எல்லாத் தெருக்களுக்கும் போவார்கள். நம் தெருக்களுக்கு மட்டுமல்ல. லாரிக்கார சகோதரர்தான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் மஹல்லாவிலும் தொடங்குங்கள்.

நன்மையை அறிந்து செயல்படவும், தீமையைக் கண்டால் வாய் திறக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.